சுற்றுலாக் காப்பீடு: வாங்குமுன் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

வியாபாரிக்கு ஏது விடுமுறை என்று சொல்லிக் கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மே 5ஆம் தேதி வணிகர் தினத்தன்று கடையடைப்பு, தீபாவளிக்கு மறுநாள் அரை நாள் ஓய்வு, ஆண்டுக்கு ஒரு முறை குலதெய்வக் கோயில், அவ்வளவுதான். இன்று நிலைமை மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா போய் வரும் மளிகைக் கடைக்காரர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். விற்பனை இலக்கை எட்டியதற்காகக் கம்பெனிகளே தாய்லாந்து, துபாய் என்று அழைத்துச் செல்வதும் உண்டு. வயதான பெற்றோரைக் காசிக்கும் முக்திநாத்துக்கும் அனுப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். உழைத்தவர்கள் நாலு இடம் பார்த்து வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயமே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாரியில் ஏறும் சரக்குக்கு நாம் இன்ஷூரன்ஸ் பார்க்கிறோம். கடைக்குத் தீ விபத்துப் பாலிசி எடுக்கிறோம். மண்டியிலிருந்து மூட்டை வந்தால், பட்டியலோடு எண்ணிக்கையும் எடையும் ஒத்துப் பார்க்காமல் இறக்குவதில்லை. அதே நாம், குடும்பமே வெளிநாடு கிளம்பும்போது, “இன்ஷூரன்சும் சேர்த்துப் போட்டுவிட்டேன், அண்ணாச்சி” என்று டிராவல்ஸ்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். எவ்வளவு தொகைக்கு, எதற்கெல்லாம், யார் யாருக்கு என்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

எது முக்கியம்?

சுற்றுலாக் காப்பீடு என்பது ஒரே பொட்டலத்தில் கட்டிய பல சரக்கு. வெளிநாட்டில் நோயோ விபத்தோ ஏற்பட்டால் மருத்துவச் செலவு. அங்கிருந்து ஊருக்குக் கொண்டு வரும் செலவு. விபத்தில் உயிரிழப்பு அல்லது ஊனத்துக்கு இழப்பீடு. பயணம் ரத்தானால் அல்லது தாமதமானால் ஒரு தொகை. பெட்டி, பாஸ்போர்ட் தொலைந்தால் ஒரு தொகை. நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பு. இவ்வளவும் அதில் இருக்கும்.

விளம்பரங்களில் பெட்டி தொலைவதும் விமானம் தாமதமாவதும்தான் பெரிதாகக் காட்டப்படும். அவை நம்மால் தாங்கக்கூடிய நஷ்டங்கள். பெட்டி போனால் சில ஆயிரம் ரூபாய் போகும். வெளிநாட்டு மருத்துவமனையில் நான்கு நாள் படுத்தால் கடையின் முதலே போய்விடும். சிங்கப்பூரில் அந்நாட்டவருக்குக் கிடைக்கும் அரசு மானியம் வெளிநாட்டவருக்குக் கிடையாது; முழுக் கட்டணம்தான். அமெரிக்காவில் மருத்துவச் செலவு உலகிலேயே மிக அதிகம். ஆகவே பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவப் பகுதியை முதலில் பாருங்கள். மற்றவை அதற்குப் பிறகே.

“எனக்குத்தான் ஊரிலேயே மெடிக்ளெய்ம் இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். நாம் இங்கே எடுத்து வைத்திருக்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வெளிநாட்டில் உதவாது. நேபாளமும் இலங்கையும் பக்கத்தில்தான் இருக்கின்றன என்றாலும் காப்பீட்டுக் கணக்கில் அவையும் வெளிநாடுகளே.

தொகையை மட்டும் பார்த்தால் போதாது

பாலிசித் தொகை பெரும்பாலும் டாலரில் இருக்கும்: 50,000, 1 லட்சம், 2.5 லட்சம், 5 லட்சம் என்று. ஆசிய நாடுகளுக்கு 50,000 டாலருக்குக் குறையாமலும், அமெரிக்கா, கனடாவுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவும் எடுப்பது நல்லது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்டால், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது விசா கிடைப்பதற்கான குறைந்தபட்ச அளவு. நமக்குப் போதுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் அச்சடித்த தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இரண்டு கழிவுகள் இருக்கும். ஒன்று, ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. பாலிசியில் டிடக்டிபிள் என்று போட்டிருக்கும். இரண்டாவது, உள் உச்சவரம்பு. அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வரம்பு போட்டிருப்பார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரம்பு பல பாலிசிகளில் கடுமையாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 64 வயதுப் பெரியவர் 50,000 டாலர் பாலிசியோடு மகன் குடும்பத்துடன் வெளிநாடு போகிறார். அங்கே நெஞ்சுவலி, மருத்துவமனை பில் 20,000 டாலர். பாலிசித் தொகை அதைவிட அதிகம்தான். ஆனால் உள் உச்சவரம்புப்படி அறைக்கும் சிகிச்சைக்கும் சேர்த்துக் கிடைப்பது 12,000 டாலர் என்றால், முதலில் ஏற்க வேண்டிய 100 டாலரையும் கழித்து வருவது 11,900 டாலர். மீதி 8,100 டாலர், அதாவது 7,29,000 ரூபாய், நம் கையிலிருந்து. உள் உச்சவரம்பு இல்லாத பாலிசிக்குச் சில நூறோ சில ஆயிரமோ கூடுதல் பிரிமியம் கேட்டிருப்பார்கள். அந்த மிச்சம் மிச்சமே அல்ல.

எனவே, “பிரிமியம் எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன், “உள் உச்சவரம்பு உண்டா? எந்த வயதிலிருந்து? டிடக்டிபிள் எவ்வளவு?” என்று கேளுங்கள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்

அதிகாலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி, அதன் பிறகு சாப்பிடும் தொழில் நம்முடையது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் நம்மில் குறைவு. காப்பீட்டு விண்ணப்பத்தில், ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா என்ற கேள்வி இருக்கும். “அதையெல்லாம் எழுதினால் பிரிமியம் ஏறும்” என்று ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுவார். அவர் போட்டதுதான், ஆனால் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்னது நாம். சட்டப்படி அது நம் வாக்குமூலம்.

காப்பீடு என்பது முழு நம்பிக்கையின் பேரில் நடக்கும் ஒப்பந்தம். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளெய்மை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். நெஞ்சுவலி என்று சேர்த்தவுடன், “எத்தனை வருடமாகச் சர்க்கரை? என்ன மாத்திரை?” என்று அங்குள்ள டாக்டர் கேட்பார், நாமும் உள்ளதைச் சொல்வோம். அது கேஸ் ஷீட்டில் ஏறும். அந்தத் தாள் கம்பெனிக்குப் போகும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது நம் தொழிலில் பிறந்த பழமொழி. இங்கேயும் அது பொருந்தும்.

இதில் இன்னொரு நுட்பம். நோயைச் சொல்லிவிட்டோம் என்பதாலேயே அந்த நோய்க்குக் காப்பீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோயை அடியோடு விலக்கிவிடும். சில, உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், ஒரு வரம்புக்குள் கொடுக்கும். சில, கூடுதல் பிரிமியத்துக்கு முழுமையாகவே ஏற்கும். நம் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மூன்றாவது வகையைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது வகையாவது இருக்கட்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டர் சீட்டையும் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். பெட்டியில் வைத்துப் பெட்டி வராமல் போனால் நோய் வந்துவிடும்.

மது அருந்திய நிலையில் நேரும் விபத்துக்கும் பொதுவாகக் காப்பீடு கிடையாது. கம்பெனி டூர்களின் இரவு விருந்துக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பாராசூட்டில் பறப்பது, கடலுக்கடியில் நீந்துவது போன்ற சாகசங்களுக்குத் தனியாகச் சேர்க்கை வேண்டியிருக்கும். தாய்லாந்தில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்து ஓட்டுவதானால், அந்த வண்டிக்குச் செல்லத்தக்க லைசென்சும், நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் விழுந்தால் அடியும் நமக்கு, பில்லும் நமக்கு.

எந்த நாடு, எத்தனை நாள், யார் பெயர்?

ஆசியாவுக்கு என்று எழுதிய சில பாலிசிகளில் ஜப்பான் சேராது. உலகம் முழுவதும் என்று எழுதியதில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு. வழியில் இறங்கித் தங்கும் நாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பெனி டூரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். காப்பீட்டுச் சான்றிதழின் நகல் ஒன்றைப் புறப்படுமுன் கேட்டு வாங்குங்கள். பெயரும் வயதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கின்றனவா? நம் செலவில் உடன் வரும் மனைவி, மக்கள் அதில் சேர்ந்திருக்கிறார்களா? டூர் ஐந்து நாள்; வந்த வழியில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைத்தால், அந்த இரண்டு நாளுக்கும் காப்பீடு நீள்கிறதா? இந்த மூன்றையும் பாருங்கள்.

முக்திநாத், கைலாயம் போகும் பெரியவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. கைலாய வலத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டும். அங்கே மூச்சுத் திணறினால் உடனே கீழே கொண்டு வர வேண்டியிருக்கும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று சில பாலிசிகளில் இருக்கும். ஆகவே உயர வரம்பையும், அவசர மீட்பு உண்டா என்பதையும் எழுத்தில் உறுதி செய்து கொள்ளுங்கள்.

பயணம் ரத்தானால்

ரத்துக்கான காப்பீடு என்றால், நாம் எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே வரும். நெருங்கிய உறவினர் மரணம், கடுமையான நோய், இயற்கைச் சீற்றம் போன்றவை வழக்கமாக இருக்கும். கடையில் ஆள் வரவில்லை, சீசன் சரக்கு திடீரென்று வந்து இறங்கிவிட்டது என்பவை இருக்காது.

நடந்து முடிந்ததற்கும், நடக்கப்போவதாக ஊருக்கே தெரிந்துவிட்டதற்கும் காப்பீடு கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அப்படி ஒரு செய்தி வந்த பிறகு ஓடிப்போய்ப் பாலிசி எடுத்தால் அந்த வெள்ளத்துக்கு அது உதவாது. ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய கையோடு காப்பீடும் எடுத்துவிடுங்கள். இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் எடுத்தாக வேண்டும் என்பதும் பொதுவான விதி.

இன்னொன்று, விமானக் கம்பெனியே நின்றுபோவது. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். விமானக் கம்பெனியோ டூர் ஏற்பாட்டாளரோ நொடித்துப் போவதற்குப் பல பாலிசிகளில் பொறுப்பு கிடையாது. ஆகவே டூர்க்காரரிடம் முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கடன் கொடுக்கும்போது ஆள் பார்த்துக் கொடுக்கிற நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பெட்டியும் பணமும்

பெட்டிக் காப்பீடு பெரும்பாலும் விமானக் கம்பெனியிடம் ஒப்படைத்த பெட்டிக்குத்தான். ரொக்கம், நகை ஆகியவை சேராது. சுற்றுலா போன இடத்தில் கொள்முதலும் பார்த்து வருவது நம் வழக்கம். விற்பனைக்கு வாங்கிய பொருளும் சாம்பிளும் சுற்றுலாப் பெட்டிக் காப்பீட்டில் வராது என்பதை மறந்துவிடக் கூடாது.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன்பே விமானக் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். 2009 முதல் இந்தியாவும் சேர்ந்துள்ள மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டிக்குச் சேதம் என்றால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காப்பீடு இல்லாவிட்டாலும் விமானக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

உள்நாட்டுப் பயணம்

ரயிலில் போகிறவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் இ-டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டுமா என்ற கேள்வி வரும். 2016 செப்டம்பரில் 92 பைசாவுக்கு ஆரம்பித்த திட்டம் இது. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர முழு ஊனமுற்றாலோ 10 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதை விடவே கூடாது. டிக்கெட் உறுதியானதும் செல்போனுக்கு வரும் இணைப்பில் போய் வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கவுன்ட்டரில் எடுக்கும் டிக்கெட்டுக்கு இந்த வசதி கிடையாது. ரயில் விபத்து மரணத்துக்கு ரயில்வே சட்டப்படி கிடைக்கும் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு இதிலிருந்து வேறானது, இரண்டையும் கேட்கலாம்.

வேன், கார் எடுத்துக் கொடைக்கானல், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாடகை குறைவு என்று தெரிந்தவரின் ஓன் போர்டு வண்டியை எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது பாலிசி விதியை மீறுவது. விபத்து நேர்ந்தால் கம்பெனி பொறுப்பை மறுக்க இடம் உண்டு. மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்து, பர்மிட்டும் இன்ஷூரன்சும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்து ஏறுங்கள்.

நாம் ஊரில் இல்லாத நாட்களில் கடைக்கும் கவனம் தேவை. திருட்டுக் காப்பீடு பொதுவாகப் பூட்டை உடைத்துப் புகுந்த திருட்டுக்கே செல்லும். கல்லாவில் விட்டுப் போன இரவு ரொக்கத்துக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கிளம்புமுன் பணத்தை வங்கியில் கட்டிவிட்டுப் போங்கள்.

கிளெய்ம் எப்படி?

மருத்துவமனையில் சேர்ந்தால், முடிந்த வரை சேரும்போதே, பாலிசியில் உள்ள அவசரத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் நேரடியாக மருத்துவமனைக்கு உறுதி கொடுத்தால்தான் கையிலிருந்து பணம் கட்டாமல் தப்பலாம். சின்ன சிகிச்சைக்கு நாமே கட்டிவிட்டு ஊர் வந்து கேட்க வேண்டியிருக்கும். ஆகவே அசல் பில், ரசீது, டாக்டர் சீட்டு, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் அந்த ஊர்ப் போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்கிய பிறகே நம் தூதரகத்துக்குப் போங்கள்.

பாலிசியின் ஒரு நகலைக் கையில் வைத்துக் கொண்டு, இன்னொன்றை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். நாம் பேச முடியாத நிலையில் படுத்திருந்தால், அந்தத் தாள்தான் நமக்காகப் பேசும்.

கம்பெனி நியாயமின்றி மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

முடிவாக

ஒரு வாரம், பத்து நாள் ஆசியப் பயணத்துக்கான பிரிமியம் நடுத்தர வயதினர் ஒருவருக்கு ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலைகூட வராது. ஆகவே பிரிமியத்தில் சிக்கனம் பார்ப்பதை விட, வாங்கும் பாலிசி சரியானதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். பாலிசியோடு தரும் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் படித்த பிள்ளையிடம் கொடுத்து, எதற்கெல்லாம் கிடையாது என்ற பகுதியை மட்டுமாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

முப்பது வருடம் ராத்தல் ராத்தலாகச் சேர்த்த முதல், ஊர் தெரியாத ஊரில் மூன்றே நாளில் கரைந்துவிடக் கூடாது. பட்டியலைச் சரிபார்த்துச் சரக்கை இறக்குவது போல, பாலிசியைச் சரிபார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வந்து கடை திறவுங்கள்.